யாரும் கை கொடுக்கவில்லை

"டேய், போதும்டா! ஒருத்தனாவது கை குடுங்கடா!"

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே டெல்மர் சிரித்தான். வெளியே கூட்டம் இன்னும் கைதட்டி ஓயவில்லை. பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவரும் நிமிரவில்லை. ஒருவன் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான். இன்னொருவன் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான்.

டெல்மருக்குத் தெரியாத வேடிக்கையா இது? ஒரு பேஸ்பால்காரன் பந்தை வேலிக்கு வெளியே பறக்கவிட்டு, தன் முதல் ஹோம் ரன்னை அடித்துவிட்டு வந்தால், பெஞ்சே அவனைக் கண்டுகொள்ளாது. ஒரு நிமிஷம் தவிக்கவிட்டு, பிறகு மொத்தமாகப் பாய்ந்து அமுக்கிவிடும். எத்தனை பேரை அவனே இப்படிப் படுத்தியிருக்கிறான்!

அவனுடைய முறை வரப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. இரண்டாம் பேஸில் பந்து பிடிப்பதில் புலி, மட்டையைத் தூக்கினால் பூனை. அயோவாவில் ஒரு சின்ன ஊர் அணியிலேயே காலம் ஓடிவிட்டது. இன்று கடைசி ஆட்டம். அடுத்த சீசனில் இதே அணிக்கு அவன்தான் கோச்.

"ஒரு தடவைகூடப் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினதில்ல, நீ என்னத்தடா கோச்?" என்று போன வாரம்கூட ஆஸ்பத்திரியில் படுத்தபடி அப்பா கிண்டலடித்தார். "அடிடா ஒண்ணு. கேட்டுட்டுப் போறேன்."

டாக்டர்கள் நாள் குறித்துவிட்டார்கள். ஆனாலும் தலைமாட்டில் ரேடியோ, மகனின் ஆட்டம் ஒன்றைக்கூட விடமாட்டார். எட்டாவது இன்னிங்ஸில் கடைசித் தடவையாக மட்டையோடு நின்றபோது டெல்மர் வேறு எதையும் நினைக்கவில்லை. அவருக்காகத்தான் அடித்தான்.

ஓடி வரும் வழியில் மூன்றாம் பேஸ் பக்கம் நிற்கும் கோச்கூடக் கைதட்டாமல் முதுகை மட்டும் தடவினார். அந்த ஆளும் கூட்டு என்று நினைத்துக்கொண்டான்.

"இந்நேரம் எங்கப்பா எழுந்து உட்கார்ந்திருப்பாரு! நர்ஸையெல்லாம் கூப்பிட்டு அலட்டிக்கிட்டிருப்பாரு!"

இப்போதும் யாரும் பாயவில்லை.

"நல்லாத்தான் நடிக்கிறீங்கடா. என்ன சார், நீங்களுமா?"

மேனேஜர் புரூயிட் தொப்பியைக் கழற்றினார். அவன் தோளைப் பிடித்து மெல்ல உட்காரவைத்தார்.

"யாரும் நடிக்கல, டெல்மர். 'அவன் கடைசித் தடவை அடிச்சு முடிக்கட்டும், அதுவரைக்கும் சொல்லாதீங்க'ன்னு உங்கம்மா போன்ல சொன்னாங்க. அப்பா மூணாவது இன்னிங்ஸ்லயே போயிட்டாருப்பா."