சித்தி மகள் நாய் வளர்க்கிறாள்

மனித குலத்தின் நிம்மதியைக் கெடுக்கவே சித்தி மகள்கள் படைக்கப்பட்டார்கள் என்பது அவனுடைய தீர்மானமான கருத்து.

“பதினாலு வயசுடா அவளுக்கு. வெளிநாட்டுல ஸ்கூல், கராத்தே, சனிக்கிழமையானா முதியோர் இல்லத்துல சேவை, போதாததுக்கு ஒரு நாய்க்குட்டி வேற. எல்லாத்தையும் சமாளிக்கிறா. நீ காலேஜ் விட்டு வந்ததும் படுத்துக்கறே” என்றாள் அம்மா.

“நாய்க்குச் சோறு வைக்கறதெல்லாம் ஒரு சாதனையாம்மா? வெட்டியா இருக்கறவங்க செய்யற வேலை.”

சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான். வயிறு எரிந்தது. அம்மா ஒருநாளாவது அவனைப் பற்றி யாரிடமாவது இப்படிப் பேசியதுண்டா?

அன்று மாலை சித்தி மகளே வீடியோவில் அழைத்தாள். கண்ணெல்லாம் தூக்கம்.

“அண்ணா, உன் கால்ல விழறேன். கொஞ்சம் நிறுத்திக்கோயேன்.”

“எதை?”

“நீ கராத்தே கத்துக்கறேன்னு பெரியம்மா சொன்னதும் அம்மா என்னைச் சேர்த்துவிட்டாங்க. நீ முதியோர் இல்லத்துக்குப் போறியாம், நானும் போறேன். நீ நாய்க்குட்டி வளர்க்கறியாம், எனக்கும் ஒண்ணு வாங்கிட்டாங்க. உன்னை நெனச்சாலே பொறாமையா இருக்குண்ணா. எப்படித்தான் சமாளிக்கறியோ!”

அவன் சமையலறைப் பக்கம் திரும்பினான். அம்மா அவசரமாக வெறும் மிக்ஸியை ஓடவிட்டாள்.

“அடுத்த வாரம் நாங்க அங்க வர்றோம். உன் நாய்க்குட்டியைக் காட்டணும்.”

தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட உலகத்தில் ஓர் ஆள்! இழக்க மனசு வரவில்லை.

“அதுக்கென்ன, தாராளமா” என்றான்.

அரை மணி நேரத்தில் பிஸ்கட் பொட்டலத்தோடு தெருமுனையில் குந்தியிருந்தான்.

“தங்கம், அவங்க திரும்பிப் போற வரைக்கும் எங்க வீட்டுக் குட்டியா இருக்கியா? தினமும் நானே சோறு வைக்கிறேன்.”