தனிச் சட்டி

“இந்தக் கையாலதானே எம் புள்ளைக்கு வெஷம் வச்ச?”

பள்ளிக்கூடச் சமையல் கூடத்தில் மலர்க்கொடி போட்ட சத்தத்தில், காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் தட்டோடு பின்வாங்கினார்கள். அடுப்பில் கோதுமை ரவை உப்புமா வெந்துகொண்டிருந்தது. கரண்டியும் கையுமாக நின்ற சமையல்காரி சம்பூர்ணத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

மலர்க்கொடியின் மகள் இலக்கியாவுக்கு எட்டு வயது. கோதுமை துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும் சீலியாக் நோய் அவளுக்கு. திருச்சி டாக்டர் கண்டுபிடித்துச் சொல்லி ஒன்றரை வருடமாகிறது. அன்றிலிருந்து வீட்டில் சப்பாத்தி இல்லை, சேமியா இல்லை, பிஸ்கட் இல்லை. விசேஷ வீடுகளுக்குக்கூட மகளுக்கென்று தூக்குவாளியில் சோறு எடுத்துப் போவாள்.

அப்படியும் நேற்று வந்த ரத்தப் பரிசோதனை, கோதுமை இன்னும் உள்ளே போகிறது என்றது. எடை பதினாறு கிலோவைத் தாண்டவில்லை.

“வூட்டுல பொட்டுக் கோதுமை கெடையாது. பின்ன எங்கேருந்து வந்துச்சு? நீதான் குடுத்திருக்க.” நேற்றுவரை அக்கா என்று கூப்பிட்டவளை நீ என்றாள்.

“மலரு, எம் புள்ளைவ மேல சத்தியமாச் சொல்றேன். பாப்பாவுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. அரிசிக் குருணையில முருங்கக்கீரையப் போட்டுக் கிண்டி எறக்கி வச்சிட்டுத்தான் கோதுமை மூட்டையவே தொடுவேன்.”

“ஆமாம்மா. பெரியம்மா தர்றதத் தின்னா வயிறு வலிக்காது. லீவு வுட்டாத்தான்…”

இலக்கியா முடிப்பதற்குள் முதுகில் ஓர் அடி விழுந்தது. மே மாத லீவில்தான் பிள்ளை ரொம்பத் துவண்டு போனாள் என்பது மலர்க்கொடிக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் தின்றது உள்ளேயே தங்கி வேலையைக் காட்டுகிறது என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

புகாரை எழுதியே கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமை கரண்டி வேறொருத்தி கைக்குப் போனது. சம்பூர்ணம் அரும்பாவூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் ஆயும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். தெருப் பிள்ளைகள் அவளை ‘வெஷக்காரி’ என்றார்கள். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் மலர்க்கொடி மகளை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

அதற்குப் பிறகு இலக்கியாவுக்கு மூன்று வேளையும் அம்மா கைச் சோறுதான். கீரை வேண்டாம், முட்டை வேண்டாம், எது எப்படிச் சேருமோ என்று பயந்து, ரசம் சாதம் மட்டுமே பிசைந்து ஊட்டினாள்.

மூன்று மாதத்தில் இலக்கியாவுக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. விளையாட்டு பீரியடில் வகுப்பிலேயே தலை கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். எடை பதினைந்து கிலோவாக இறங்கியது. கோதுமை உள்ளே போவதைக் காட்டும் அளவு ரத்தத்தில் முன்பைவிட ஏறியிருந்தது.

“சமையலுக்குப் போடுற சாமான் அத்தனையும் எடுத்துட்டு வாங்க” என்றார் திருச்சி ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர்.

மறுவாரம் மலர்க்கொடி பையோடு வந்து, டப்பாக்களை மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “பாருங்க மேடம். மஞ்சத்தூளு, மொளகாத்தூளு, மல்லித்தூளு எல்லாம் நானே காயவச்சு, மெஷினக் கழுவச் சொல்லி அரைச்சது. தூளுன்னு கடையில வாங்கினது இந்தப் பெருங்காயம் ஒண்ணுதான்.”

“இதை எவ்வளவு போடுவீங்க?”

“புள்ளைக்கு வயித்துக் கோளாறாச்சுங்களே. செரிக்கட்டும்னு மூணு வேளையும் தாராளமாவே போடுவேன்.”

அந்த அம்மா டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“இதுல கோதுமை மாவு கலந்திருக்கும்மா.”