ஜவஹரே ஆடட்டும்

அடையாறு கல்லூரி ஒன்றின் ஃபிளாக் ஃபுட்பால் அணிக்கு ஜெயபாரதி கோச். சனிக்கிழமை ஃபைனலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக, சீனியர் ஜவஹரை விட்டுவிட்டு முதலாண்டு மாணவன் தல்ஹாவை அறிவித்திருந்தாள். மறுநாள் மாலை பயிற்சியின்போது ஒருவர் அவளைத் தேடி வந்தார்.

"மேடம், தல்ஹாவை இறக்காதீங்க."

இப்படி யாராவது வருவார்கள் என்று அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

"ஏன் சார், அவனுக்கு என்ன குறை?"

"நல்லா எறியறான், ஒத்துக்கறேன். இந்த மேட்ச் மட்டும் ஜவஹரே ஆடட்டும்."

"எல்லா அப்பாவும் அவங்கவங்க பையனுக்காகத்தான் பேசறீங்க. என் முடிவு மாறாது."

"நானும் என் பையனுக்காகத்தான் பேசறேன். தல்ஹா என் பையன் மேடம்."

ஜெயபாரதி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"திங்கக்கிழமை பிராக்டிஸ்ல ஒருத்தன்மேல மோதி விழுந்தான்ல? அதுலேர்ந்து தலைவலி, வாந்தி. உங்ககிட்ட சொன்னா எங்கூட பேசவே மாட்டானாம்."

மைதானத்தில் தல்ஹா எறிவதற்குக் கையை ஓங்கியிருந்தான். அவள் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், சொன்னபடியே அவன் அப்பாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அவர் அவன் தலையைத் தன் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.