அந்த ஒருத்தருக்காக

"ஒரு மனுஷன் வயித்துல அடிக்கிறீங்க! அந்த அச்சகக்காரர் நாளைக்கு என்ன பண்ணுவார்?"

வீடியோ அழைப்பில் குழுவிடம் சொல்லும்போதே இவர் குரல் உடைந்தது.

ஓய்வு நேரத்தில் கூடி, கம்ப்யூட்டரை இயக்கும் இலவச லினக்ஸ் மென்பொருள் தொகுப்பு ஒன்றைத் தயாரிக்கும் குழு அது. முப்பத்திரண்டு பிட் பிராசஸர் உள்ள பழைய கம்ப்யூட்டர்களிலும் அது ஓடும்படி செய்து தருபவர் இவர் ஒருவர்தான். அதனால் குழுவில் இவருக்குப் பெயரே 'முப்பத்திரண்டு'.

"பழைய மிஷினை வச்சிருக்கேன்னு எழுதுறவர் அந்த ஒருத்தர்தான் சார்," என்றாள் குழுத் தலைவி. "அடுத்த பதிப்புலேருந்து சப்போர்ட்டை நிறுத்திடலாம். சரிங்கறவங்க கையைத் தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. இவருடையது மட்டும் மடியிலேயே கிடந்தது.

அந்த ஒருத்தருக்காக முப்பத்திரண்டு தன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தாரை வார்த்திருந்தார். மகளின் பள்ளி விழா ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. "என்னைக் கட்டினீங்களா, அந்த மிஷினைக் கட்டினீங்களா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனைவி, போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவில்லை.

இத்தனைக்கும் அச்சகக்காரரை இவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. புதுப் பதிப்பு வெளியான அன்றே அவரிடமிருந்து மெயில் வந்துவிடும்: 'போட்டுப் பார்த்தேன், நல்லா ஓடுது சார்.' கூடவே அந்த மிஷினின் போட்டோ ஒன்று. அதில் கீபோர்டே தெரியாத அளவுக்குக் காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கும். பாவம், இடம் பத்தாத சின்ன அச்சகம் போல என்று இவர் இரக்கப்படுவார். 'உங்க ஒருத்தருக்காகத்தான் செய்யறேன்' என்று தவறாமல் பதில் போடுவார்.

கெட்ட செய்தியைத் தானே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று அச்சகக்காரருக்குப் போன் போட்டார்.

"மன்னிச்சிருங்க. எவ்வளவோ போராடிப் பார்த்துட்டேன். இனிமே உங்க மிஷினுக்குப் புதுப் பதிப்பு வராது."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மனுஷன் இடிந்துபோய்விட்டார் என்று இவருக்குக் கண் கலங்கியது.

"கவலைப்படாதீங்க. குழு கைவிட்டாலும் நான் தனியா உங்களுக்கு மட்டும் செஞ்சு தரேன். உங்க பொழப்பு கெடக்கூடாது."

"ஐயையோ, வேணாம் சார்!" அச்சகக்காரர் பதறிவிட்டார். "வேலை எல்லாம் புது கம்ப்யூட்டருக்கு மாத்தி வருஷக்கணக்காச்சு. இது சும்மா மூலையில கெடக்கு."

முப்பத்திரண்டு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அப்போ... ஒவ்வொரு தடவையும் போட்டுப் பார்த்து மெயில் அனுப்பினீங்களே?"

"உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் சார் இத்தனை வருஷமா இதைக் கட்டிக்கிட்டு அழுதேன்!"