மேற்படி கடல்

டிசம்பர் 4, காலை பதினொரு மணி. புயல் ஓய்ந்த கடலின் நாற்பதாயிரம் சதுரப் படங்கள் செயற்கைக்கோளிலிருந்து தரவுக் கிடங்கில் வந்து இறங்கின. அவற்றைச் சுருக்கி அடுக்கும் கருவிக்குக் கஞ்சன் என்று பெயர். கடலெல்லாம் ஒரே நீலம் என்பதால், அது முதல் சதுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அழித்து ‘மேற்படி’ என்று எழுதிவிடும். புயலில் இரண்டு படகுகளைக் காணவில்லை என்பது அதற்குத் தெரியாது.

பாதிக் கடல் முடிந்திருந்தது.

“அண்ணே, நான் மேற்படி இல்லை. என்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு” என்றது ஒரு சதுரம்.

“அலை நுரைடா. ஆளாளுக்குப் புள்ளி காட்டினா நான் எங்கே அடுக்குறது?”

“நுரைக்கு நிழல் விழுமா அண்ணே?”

கஞ்சன் புள்ளியைப் பெரிதாக்கியது. புள்ளி படகானது. அதன்மேல் ஒரு சிவப்புத் துணி வானத்தைப் பார்த்து விரிந்திருந்தது. பக்கத்தில் நான்கு சிறு நிழல்கள்.

“அறுநூறு கிலோமீட்டர் மேலேயிருந்து, இவ்வளவு பெரிய கடல்ல...” என்றது கஞ்சன். வேலையை மறந்து வெகுநேரம் பார்த்தது. பிறகு அந்தச் சதுரத்தைச் சுருக்காமல், முழுசாகக் கடலோரக் காவல் படையினரின் திரைக்கு அனுப்பியது.

“முன்னாடி போன சதுரங்கள் அண்ணே?”

கஞ்சன் திரும்பிப் பார்த்தது: வரிசையாக இருபதாயிரம் ‘மேற்படி’.

டிசம்பர் 6 அன்று நான்கு மீனவர்கள் கரை சேர்ந்தார்கள். இரண்டாவது படகு கிடைக்கவில்லை.