காவலில் ஒரு சேவல்

அட்டை திரும்பி வந்துவிட்டது.

அவள் அதை உடனே தொடவில்லை. ராக்கியண்ணன் கடைத் தையல் மேசையின் மேல், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் கிடந்ததை நின்றபடியே பார்த்தாள்.

இளஞ்சிவப்பு ஒப்புகை அட்டை. பதிவுத் தபாலை வாங்கியவர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியது. எத்தனை கொடிய அரசாங்கமும் தபால் விதிக்கு மட்டும் எப்படியோ கட்டுப்படுகிறது. தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் தபால் பிரித்தவளுக்கு அதில் ஒரு சின்னக் கர்வம் உண்டு.

கடல் தாண்டிய ஒரு நாட்டுச் சிறையில் லெயா இருக்கிறாள்.

பள்ளி ஆசிரியை. காணாமல் போனவர்களின் பெயர்களை வகுப்புக் கரும்பலகையில் எழுதினாள். அவ்வளவுதான் குற்றம்.

மாதாமாதம் அவளுக்கு ஒரு கடிதம். அவளை விடுதலை செய்யச் சொல்லி அந்த நாட்டு அமைச்சருக்கு ஒரு கடிதம். தாராபுரத்தில் பத்துப் பேர் சேர்ந்து தொடங்கியது. நான்கு வருடத்தில் எட்டுப் பேருக்கு வேறு வேலை வந்துவிட்டது. மிச்சம் இவளும் தையல்காரர் ராக்கியண்ணனும்.

அமைச்சர் பதில் போட்டதே இல்லை. லெயாவிடமிருந்தும் ஒரு வரி வந்ததில்லை. அட்டை மட்டும் வரும், சிறை அதிகாரியின் கோணல் கையெழுத்தோடு.

லெயா உயிரோடு இருக்கிறாளா என்று அட்டை சொல்லாது.

அரசியல் எழுதினால் சிறையில் கிழித்துவிடுவார்கள். அதனால் தெரிந்த ஆங்கிலத்தில் ஊர்க்கதை எழுதுவாள். மழை, மாட்டுச்சந்தை, மருமகளின் சமையல். பொய் மட்டும் எழுதமாட்டாள். அடைபட்டிருப்பவளிடம் பொய் சொல்லக்கூடாது என்பது அவள் பிடிவாதம்.

ஒரு கடிதத்தில்தான் கொஞ்சம் கை மீறிவிட்டது.

சேவல் சண்டையில் பிடிபட்ட எதிர்வீட்டுச் சேவலைப் போலீசார் ஸ்டேஷனில் கட்டி வைத்திருந்தார்கள். சண்டைக்கு விட்டவர்கள் அன்றைக்கே ஜாமீனில் வந்துவிட்டார்கள். சேவலுக்கு ஜாமீன் எடுக்க ஆளில்லை. தினமும் விடியுமுன் கூவி ஏட்டையாவின் தூக்கத்தைக் கெடுத்தது. சிரிப்புத் தாளாமல் இரண்டு பக்கம் எழுதித் தபாலில் போட்டுவிட்டாள்.

"ஏனுங்கக்கா, ஜெயிலுக்குப் போற லெட்டர்ல ஜெயில் கதையா எழுதுவாங்க?"

ராக்கியண்ணன் கேட்ட பிறகுதான் உறைத்தது.

மூன்று மாதம் எந்த அட்டையும் வரவில்லை. தன்னால் லெயாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்தாள். ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. சேவல் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

இன்று வந்திருக்கிறது.

எடுத்தாள். அதே கோணல் கையெழுத்து. அதன் மேலே, ஓரமாக, பென்சிலில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

சேவல் வெளியே வந்துவிட்டதா?

ராக்கியண்ணன் சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைப் படத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்தார். லெயாவின் கரும்பலகை, அவள் எழுதிய பெயர்களோடு. அதை அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஊர் முழுக்க யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்று கையெழுத்தை வைத்தே சொன்னவள்.

ஆங்கில ஆர் எழுத்தின் கால் மட்டும் மற்ற எழுத்துகளைத் தாண்டிக் கீழே நீண்டிருந்தது.

கரும்பலகையிலும். அட்டையிலும்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ராக்கியண்ணன் யாரோ தைக்கக் கொடுத்திருந்த சட்டைத் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பிறகுதான் பார்த்தாள். கடைசியில், அதிகாரி கையெழுத்திட்ட அதே பேனாவில், இன்னொரு வரி.

சீக்கிரம் பதில் எழுதவும்.

மணி பத்தரை. நாலு வாய்தாவுக்குப் பிறகு, இன்றைக்குப் பதினொரு மணிக்குத்தான் நீதிமன்றத்தில் அந்தச் சேவலை வழக்குச் சொத்தாக ஏலம் விடுகிறார்கள். பிரியாணிக் கடைக்காரர் நேற்றிலிருந்தே அதன் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கட்டைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பிரியாணிக் கடைக்காரர் மூன்று முறை ஏலம் கேட்டுப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நான்காவது முறை கேட்காமல் போய்விட்டார்.

சேவல் அவள் கக்கத்தில் திமிறியது. குமாஸ்தா தலை நிமிராமல் ரசீது எழுதினார்.

"குழம்புக்குங்களா, வளத்தறதுக்குங்களா?"

"பதில் எழுதறதுக்குங்க."