பம்புக்கு ஒரு குட்டி வீடு

நார்வேயின் ரோரோஸ் ஊரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஐவிந்த் கம்பளியைப் போர்த்தியபடி, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தார்.

"ஒரு பங்கு கரண்ட் எடுத்து நாலு பங்கு சூடு தரும்னுதானே வித்தீங்க? இங்க ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கேன்!"

"உங்க பேர் சார்?" என்றாள் மறுமுனையில் ராக்ன்ஹில்ட்.

"அது... ஓட்வார்," என்று வாய்க்கு வந்த பேரைச் சொன்னார்.

"வெளியில இருக்கிற மெஷினைப் பனி மூடியிருக்கா?"

"எப்படி மூடும்? அதுக்கு நானே மரத்துல குட்டி வீடு கட்டியிருக்கேனே! சிவப்பு பெயின்ட், நாலு பக்கமும் அடைப்பு, பொய் ஜன்னல், அதுல பூந்தொட்டிகூட இருக்கு. தெருவே நின்னு பாக்குது!"

"சார், வெளிக்காத்துலேர்ந்துதான் அது சூட்டை உறிஞ்சணும். அடைச்சு வெச்சா, தான் விட்ட குளிர்காத்தையே திரும்பத் திரும்ப இழுக்கும். அப்புறம் நாலு பங்கு எங்கேர்ந்து வரும்? வாங்கறப்போ அந்த நாலு பங்குக் கணக்கை மட்டும் பாத்தா போதுமா? எங்க கையேட்டுல முதல் பக்கத்துலயே இருக்கே, படிக்கலையா?"

ஐவிந்த் குரலைத் தாழ்த்தினார். "கழட்டிடறேம்மா. பூந்தொட்டி விஷயத்தை மட்டும் வெளியில சொல்லிடாத."

"சரி சார். ஒரே ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"அந்தக் கையேட்டை எழுதினவரு நாளைக்குக் காலைல எங்களுக்கு 'வாடிக்கையாளர் செய்யும் முட்டாள்தனங்கள்'னு வகுப்பு எடுக்கறாரு. அதுல இதை நீங்களே சொல்லிடறீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா, ஐவிந்த் சார்?"